மாலையில் பாடும் இரண்டு பாட்டு

எல்லோருக்கும் வணக்கம். சர்ச் பாட்டைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் சில முகங்களில் கிறிஸ்துமஸ் களை வந்துவிட்டது. இன்றைக்கு அது கிடையாது. இங்கிலாந்தின் கதீட்ரல்களில், ஏதோ ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை, அலுவலகம் விடுகிற நேரத்தில் பாடகர் குழு பாடும் மாலை ஆராதனைதான் பேச்சு. ஈவன்சாங் என்பார்கள். டிக்கெட் இல்லை. வாரநாட்களில் பிரசங்கமும் பெரும்பாலும் இல்லை. கேட்க வந்தவர்களைவிடப் பாடுகிறவர்கள் அதிகமாக இருக்கும் நாளும் உண்டு. அதற்காகப் பாட்டைச் சுருக்குவதில்லை.

இதற்கு வடிவம் கொடுத்தவர் கேன்டர்பரி பேராயர் தாமஸ் கிரான்மர். மடத்துத் துறவிகள் தினமும் பல வேளை கூடி லத்தீனில் ஜெபம் பாடுவார்கள். அதில் அந்திக்குரிய வெஸ்பர்ஸையும், படுக்கப் போகுமுன் பாடும் காம்ப்ளினையும் ஒன்றாக்கி, ஆங்கிலத்தில், 1549 ஜெபப் புத்தகத்தில் வைத்தார். முதலாவதிலிருந்து இயேசுவின் தாய் மரியாளின் பாட்டு வந்தது, இரண்டாவதிலிருந்து சிமியோனின் பாட்டு. சி.எஸ்.ஐ. சபைக்குப் போகிறவர்களுக்குத் தமிழில் பழகியவைதான். ‘என் ஆத்துமா கர்த்தரை மகிமைப்படுத்துகிறது’ என்று ஒரு கர்ப்பிணிப் பெண் பாடுகிறாள். ‘உமது அடியேனை இப்பொழுது சமாதானத்தோடே போகவிடுகிறீர்’ என்று, குழந்தை இயேசுவைக் கண்டுவிட்ட ஒரு பெரியவர் சாவைச் சந்தோஷமாக எதிர்கொள்கிறார்.

கிரான்மருக்கு இசையிலும் ஓர் அபிப்பிராயம் இருந்தது. 1544இல் அரசர் எட்டாம் ஹென்றிக்கு எழுதிய கடிதத்தில், கூடியவரை ஓர் அசைக்கு ஒரு சுரம் என்றார். அதாவது, சங்கதி வேண்டாம், சாகித்யம் காதில் விழட்டும். நல்லவேளை, இசையமைப்பாளர்கள் முழுசாகக் கேட்கவில்லை. வில்லியம் பேர்ட், ஆராதனைப் பாட்டுகளுக்கு மெட்டுப் போட்ட தன் ‘பெரிய சர்வீஸ்’ அமைப்பில் பத்துக் குரல்வரை பிரித்துவிட்டார். கத்தோலிக்கத்தை விட்டுப் பிரிந்த சபைக்கு இப்படி எழுதிய அவர் கத்தோலிக்கர் என்பதுதான் வேடிக்கை! 1640களின் உள்நாட்டுப் போரில் பாடகர் குழுக்கள் கலைக்கப்பட்டன, பல ஆர்கன்கள் உடைக்கப்பட்டன. 1660இல் மன்னராட்சி திரும்பியதும் எல்லாம் மறுபடி தொடங்கியது.

குழு எதிரெதிராக இரண்டு வரிசையில் நிற்கும். பைபிளில் உள்ள சங்கீதங்களை இந்தப் பக்கம் ஒரு வசனம், அந்தப் பக்கம் ஒரு வசனம் என்று மாற்றிப் பாடுவார்கள். பழைய முறைப்படி காலையும் மாலையுமாக 150 சங்கீதங்களும் ஒரே மாதத்தில் முடிந்துவிடும். பதினைந்தாம் தேதி மாலைக்கு 78ஆம் சங்கீதம், 73 வசனம். அன்றைக்குப் பாடும் பையன்களை நினைத்தால் பாவமாக இருக்கும்.

சரி, நான் சொல்ல வந்தது இதுதான். நம்மிடம் ஒரு கீர்த்தனையை நூறு பேர் பாடுவார்கள், மெட்டு ஒன்றுதான். அங்கே அந்த இரண்டு பாட்டின் சாகித்யம் மாறாது, மெட்டை ஒவ்வொருவரும் புதிதாகப் போடுகிறார்கள், நானூற்றைம்பது வருடத்துக்கு மேலாக. அதனால் ஒருவர் என்ன யோசித்தார் என்பது உடனே பிடிபட்டுவிடும். ஸ்டான்ஃபோர்ட் என்ற இசையமைப்பாளர் ஜி மேஜர் சுருதியில் போட்ட மெட்டில் ஒரு சிறுவன் தனியாகப் பாட, ஆர்கன் ராட்டினம் மாதிரிச் சுழலும். மரியாள் நூல் நூற்றுக்கொண்டே பாடுகிறாள் என்று கேட்கிறவர்களுக்குத் தோன்றும்.

எனக்கு மிகவும் பிடித்தவர் ஹெர்பர்ட் ஹோவெல்ஸ். 1935இல் ஒன்பது வயது மகனைப் போலியோவில் பறிகொடுத்தவர். போர்க்காலத்தில் கேம்பிரிட்ஜின் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் பதில் ஆர்கன் வாசிப்பாளராக இருந்தார். அப்போது அதே ஊர் கிங்ஸ் கல்லூரி டீன், எங்களுக்கு ஒரு ‘தே தேயும்’ எழுதுவீரா என்று ஒரு கினி பணம் பந்தயம் கட்டினார். ஹோவெல்ஸ் எழுதிக் கொடுத்தார். அது காலைப் பாட்டு. அப்புறம் 1945இல் அதே கல்லூரிக்கு மாலைப் பாட்டுகள் இரண்டும் வந்தன.

‘பலவான்களை ஆசனங்களிலிருந்து தள்ளி’ என்றொரு வரி மரியாள் பாட்டில் உண்டு. அந்த இடத்தில் முழங்கித் தள்ளத்தான் யாருக்கும் கை வரும். ஹோவெல்ஸுக்கு வேறு எண்ணம்: இது பெண்ணின் பாட்டு, மூர்க்கம் கூடாது. ஆரம்பத்தைப் பையன்களின் மேல் குரலுக்கு மட்டும் கொடுத்தார். சிமியோனுக்கு ஒரு தனி டெனர், அதாவது ஆண்களின் மேல் குரல், சாந்தமான குரல். பிறகு லண்டன் செயின்ட் பால்ஸ் கதீட்ரலுக்கு இதே வார்த்தைகளை எழுதும்போது, அந்தப் பெரிய கட்டடத்தின் எதிரொலியைக் கணக்கில் வைத்து, சுரக்கூட்டுகளை அவசரமாக மாற்றாமல் விட்டார். முந்தைய ஒலி அடங்குமுன் அடுத்தது வந்தால் குழம்பிவிடும் அல்லவா? கட்டடமும் பக்கவாத்தியம்தான்.

குழுக்களில் ரொம்ப காலம் பையன்களும் ஆண்களும்தான். சாலிஸ்பரி கதீட்ரல் 1991இல் சிறுமிகளுக்கென்று தனிக் குழு தொடங்கியது. இன்று பல கதீட்ரல்களில் இருக்கிறது. மரியாளின் பாட்டைச் சிறுமிகள் பாட இத்தனை நாளா என்று நீங்கள் கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

பேச்சு போதும். கிங்ஸ் கல்லூரிக்காக ஹோவெல்ஸ் எழுதிய அந்த இரண்டையும் இப்போது போடுகிறேன். தம்பி, அந்த மின்விசிறியைக் கொஞ்சம் நிறுத்து. முடிந்ததும் கைதட்ட வேண்டாம், அங்கே யாரும் தட்டுவதில்லை.