டான்யூப் நதிப் பயணத்துக்கு அக்டோபரில் எந்தக் கோட் எடுத்துப்போவது?

அடுத்த கேள்வி. மதுரையிலிருந்து ஓர் அம்மா அனுப்பியிருக்கிறார்கள். அவர்களுக்கு 61 வயது, கணவருக்கு 66. அடுத்த அக்டோபரில் முதல்முறையாக ஐரோப்பாவில் ரிவர் குரூஸ் போகலாம் என்று இருக்கிறார்கள். ஜெர்மனியில் பாசாவ் என்ற ஊரில் கப்பல் ஏறி, டான்யூப் ஆற்றில் ஏழு இரவு, புடாபெஸ்ட்டில் இறங்குவது. "இன்னும் பணம் கட்டவில்லை. குளிருக்குப் பெரிய கோட் வாங்க வேண்டுமா, மழை பெய்யுமா, ஆற்றில் தண்ணீர் குறைந்தால் கப்பல் போகாது என்கிறார்களே, அது உண்மையா?" இதுதான் கேள்வி.

அம்மா, கடைசிக் கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் பணம் கட்டுவதற்கு முன்னால் தெரிய வேண்டியது அதுதான். கோட் விஷயத்தைக் கிளம்புவதற்கு முந்தின வாரம்கூடப் பார்த்துக்கொள்ளலாம்.

உண்மைதான். கடலில் போகிற கப்பலுக்கு இந்தக் கவலை இல்லை, ஆற்றுக் கப்பலுக்கு உண்டு. தண்ணீர் குறைந்தால் அடி தட்டும், தண்ணீர் ஏறினால் பாலத்துக்கு அடியில் நுழைய முடியாது. சில பாலங்களைக் கடக்கும்போது கேப்டன் நிற்கிற அறையையே லிஃப்ட் மாதிரி கீழே இறக்கி, மேல்தளத்துக் கம்பிகளை மடக்கிப் படுக்கவைத்துவிட்டுத்தான் போவார்கள், அந்த நேரத்தில் யாரையும் மேலே விடமாட்டார்கள். 2018 அக்டோபரில் ஜெர்மனியின் இன்னொரு ஆறான ரைனில் காவ்ப் என்ற இடத்தில் நீர்மட்ட அளவு 25 சென்டிமீட்டர் வரை இறங்கியது. அது ஆற்றின் ஆழம் இல்லை, அங்கே நட்டுவைத்திருக்கிற அளவுகோல் காட்டுகிற எண். கப்பல் போகிற வழியில் அதைவிட ஒரு மீட்டருக்கு மேல் கூடுதலாகத் தண்ணீர் இருக்கும், ஆனாலும் பெரிய கப்பலுக்கு அது போதாது. 2022 ஆகஸ்டிலும் ரைனில் இதே கதை.

உங்கள் டான்யூப் விஷயத்தில் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. அந்த ஆற்றில் ரொம்பவும் தொல்லை கொடுக்கிற இடங்களில் ஒன்று ஜெர்மனியில் ஸ்ட்ராபிங் ஊருக்கும் வில்ஸ்ஹோஃபனுக்கும் நடுவில் சுமார் 70 கிலோமீட்டர். அங்கே அணை கிடையாது, ஆறு அதன் இஷ்டத்துக்கு ஓடும், ஆழம் குறைவு. நியூரம்பர்க்கிலிருந்தோ ரேகன்ஸ்பர்க்கிலிருந்தோ கிளம்புகிற கப்பல்கள் அதைத் தாண்டித்தான் வர வேண்டும். பாசாவ் அதற்குக் கீழே இருக்கிறது. பாசாவிலிருந்து வியன்னா வரைக்கும் வரிசையாக நீர்மின் அணைகள் இருப்பதால் பெரும்பாலான தூரத்துக்குத் தண்ணீர் தேங்கி ஒரே மட்டமாக நிற்கும், நடுவில் ஆஸ்திரியாவில் வருகிற வாஹாவ் பள்ளத்தாக்கு மட்டும் அணை இல்லாத திறந்த ஆறு. வியன்னாவைத் தாண்டி ஸ்லோவாக்கியாவின் பிராட்டிஸ்லாவா போகிற வழியிலும், அப்புறம் ஹங்கேரிக்குள்ளும்தான் மறுபடி கொஞ்சம் கவனம். அதனால் முதல் பயணத்துக்குப் பாசாவில் ஏறுவது என்று நீங்கள் எடுத்த முடிவு எனக்குப் பிடித்திருக்கிறது. அதை மாற்றாதீர்கள்.

வெள்ளமும் வரும். 2024 செப்டம்பர் நடுவில் ஆஸ்திரியாவில் கொட்டிய மழையில் டான்யூபில் கப்பல் போக்குவரத்தையே நிறுத்தினார்கள், வந்த கப்பல்கள் நகர முடியாமல் கரையில் கட்டிக்கிடந்தன. பாசாவில் கப்பல் ஏறுவதற்கு முன்னால் நேரம் இருந்தால் ஆற்றங்கரையில் இருக்கிற பழைய நகர மன்றத்தின் சுவரைப் பாருங்கள், எந்த வருடம் தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது என்று கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். 2013 ஜூனில் 12.89 மீட்டர். அந்தக் கோட்டை நிமிர்ந்து பார்த்தால்தான் அளவு புரியும். மூன்று ஆறுகள் சேருகிற ஊர் அது, டான்யூப், இன், இல்ஸ் மூன்றும்.

அதனால் பணம் கட்டுவதற்கு முன்னால் கம்பெனியிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: நடுவில் கப்பல் போக முடியாவிட்டால் என்ன செய்வீர்கள்? சிலர் பஸ்ஸில் ஏற்றி, தடைக்கு அந்தப் பக்கம் நிற்கிற இன்னொரு கப்பலுக்கு மாற்றுவார்கள். சிலர் கப்பலை ஓட்டல் மாதிரி ஒரே இடத்தில் நிறுத்தி, தினமும் பஸ்ஸில் ஊர் சுற்றிக்காட்டுவார்கள். பாதையை மாற்றுகிற உரிமை தங்களுக்கு உண்டு என்று பொதுவாக ஒப்பந்தத்திலேயே எழுதியிருப்பார்கள். அதைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு அப்புறம் வருத்தப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சரி, மாதம். அக்டோபர் என்றால் முதல் இரண்டு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள். அங்கே அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்கள். மாதத் தொடக்கத்தில் வியன்னாவில் மாலை ஆறரை வரை வெளிச்சம் இருக்கும், கடிகாரம் மாறிய பிறகு ஐந்து மணிக்கு முன்னாலேயே சூரியன் போய்விடும். ஜன்னல் வழியாக ஊர்களையும் மலைகளையும் பார்க்கத்தானே இத்தனை பணம் கட்டுகிறோம். முழுக்க என் விருப்பம் என்றால் மே மாதம் சொல்வேன், தண்ணீரும் ஓரளவு நன்றாக இருக்கும், பகலும் நீளம். ஆனால் அக்டோபரில் வாஹாவில் திராட்சை அறுவடை நடக்கும், கொடிகள் மஞ்சளாக நிற்கும். அதுவும் ஒரு அழகு.

இப்போது குளிர். அக்டோபரில் வியன்னாவில் பகலில் சராசரியாக 15 டிகிரி, விடியற்காலையில் 7 பக்கம். மாதக் கடைசி என்றால் இன்னும் குறையும். டிசம்பர் இரவில் கொடைக்கானலில் தங்கியிருந்தால் அந்த 7 டிகிரி உங்களுக்குத் தெரியும். அதோடு ஆற்றுக் காற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காலை எட்டு மணிக்கு ஆற்றின்மேல் மூடுபனி, பதினொரு மணிக்கு வெயில் வந்து ஸ்வெட்டரைக் கழற்றத் தோன்றும், நான்கு மணிக்குத் தூறல், எல்லாம் ஒரே நாளில் நடக்கும். கப்பலுக்குள்ளும் மியூசியத்துக்குள்ளும் ஹீட்டர் போட்டு வைத்திருப்பார்கள். அதனால் பெரிய கோட் வாங்காதீர்கள் அம்மா. வெளியே அரை மணி நேரம் நன்றாக இருக்கும், உள்ளே வந்தால் வேர்க்கும், கையில் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். டிசம்பரில் கிறிஸ்துமஸ் சந்தை பார்க்கப் போகிறவர்களுக்குத்தான் அது தேவை.

மெல்லியதாக மூன்று. உடம்பை ஒட்டி ஒரு தெர்மல், அதற்குமேல் ஒரு ஃப்ளீஸோ கம்பளி ஸ்வெட்டரோ, எல்லாவற்றுக்கும் மேலே தொப்பி வைத்த, காற்றும் மழையும் புகாத ஒரு ஜாக்கெட். தேவைக்குப் போடலாம், தேவைக்குக் கழற்றலாம். ஜெர்மன் பேசுகிறவர்கள் இதை வெங்காய உடை என்றே சொல்வார்கள், உரிக்க உரிக்க வருவதால். ஜாக்கெட்டை மட்டும் கொஞ்சம் தொளதொளவென்று வாங்குங்கள், உள்ளே ஸ்வெட்டர் நுழைய வேண்டும். கடையில் போட்டுப் பார்க்கும்போதே ஸ்வெட்டரோடு போட்டுப் பாருங்கள். குடையை நம்ப வேண்டாம், ஆற்றங்கரைக் காற்றில் திருப்பிப் போட்டுவிடும், ஒரு கையும் போய்விடும். கழுத்துக்கு மஃப்ளர், காதை மூடுகிற தொப்பி, மெல்லிய கையுறை, இவை மூன்றும் சேர்ந்து ஒரு கைப்பிடி இடம்தான் எடுக்கும், ஆனால் பாதிக் குளிரைத் தடுப்பது இவைதான்.

புடவை கட்டலாமா என்று அம்மா கேட்கவில்லை, ஆனால் நிறையப் பேர் கேட்கிறார்கள், அதனால் சொல்கிறேன். கப்பலுக்குள் தாராளமாகக் கட்டலாம். ஒருநாள் ராத்திரி கேப்டன் விருந்து என்று இருக்கும், அதற்கு ஒரு பட்டோ சில்க் காட்டனோ போதும். கரையில் சுற்றும்போது புடவை ஓரம் ஈரக் கல்லில் உரசி நனைந்தால் சாயங்காலம் வரை காயாது. என் மாமியாரோடு போனபோது அவர்கள் இரண்டு நாள் புடவைக்குள் தெர்மல் கால்சட்டை போட்டுச் சமாளித்தார்கள், மூன்றாம் நாள் அவர்களே சல்வாருக்கு மாறிவிட்டார்கள்.

செருப்பு வேண்டவே வேண்டாம். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். அந்த ஊர்களில் பழைய தெருக்கள் எல்லாம் உருண்டைக் கல் பதித்தவை, தூறல் விழுந்தால் வழுக்கும். அடிப்பாகம் தடிமனான, பிடிப்புள்ள ஷூ, அரை அளவு பெரியதாக, கம்பளிக் காலுறையோடு போட்டுப் பார்த்து வாங்கி, இப்போதிருந்தே தினமும் வாக்கிங் போகும்போது அதையே போடுங்கள். புது ஷூவோடு விமானம் ஏறினால் இரண்டாம் நாள் குதிகாலில் கொப்புளம் வரும், மிச்ச ஐந்து நாளும் கப்பலில் உட்கார்ந்திருப்பீர்கள். வாஹாவில் டூர்ன்ஸ்டைன் என்ற ஊரில் மலைமேல் இடிந்த கோட்டை ஒன்று இருக்கிறது. இங்கிலாந்து அரசர் முதலாம் ரிச்சர்டை 1192-ல் பிடித்துவந்து அந்த ஊரில்தான் சிறைவைத்தார்கள். அங்கே ஏறுவது செங்குத்து, முழங்கால் வலி இருந்தால் விட்டுவிடுங்கள், கீழே ஊரும் தேவாலயத்தின் நீலக் கோபுரமும் போதும். மெல்க் என்ற ஊரில் இருக்கிற கிறிஸ்தவ மடத்துக்கு மேல்வாசல் வரை பஸ் போகும்.

பெட்டியைப் பற்றி நான் பட்டதைச் சொல்கிறேன். ஒரு பயணத்தில் மாமியாரின் பெட்டி விமானத்தோடு வரவில்லை. ஊருக்குப் போகிற பயணம் என்றால் மறுநாள் வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்துவிடுவார்கள், கப்பல் பயணத்தில் நாம் நகர்ந்துகொண்டே இருக்கிறோமே. பெட்டி நாங்கள் தாண்டி வந்துவிட்ட லின்ஸ் ஊருக்கு வந்தபோது நாங்கள் வியன்னாவில் இருந்தோம். மூன்று நாள் என் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, எனக்குக் குளிருமே என்று அவர்கள் தவித்ததை என்னால் மறக்க முடியாது. அதனால் இரண்டு விஷயம். ஒன்று, கப்பல் கிளம்புகிற ஊருக்கு ஒருநாள் முன்னாலேயே போய்ச் சேருங்கள், விமானம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது. இரண்டு, இரண்டு பேர் துணியையும் இரண்டு பெட்டியிலும் பாதிப் பாதியாகக் கலந்து வையுங்கள். மாத்திரை, மருந்துச் சீட்டு, ஒரு செட் தெர்மல், ஜாக்கெட், இதெல்லாம் கையோடு. ஷூவைக் காலில் போட்டுக்கொண்டே போங்கள்.

சின்னச் சின்ன விஷயங்கள். கேபினில் இஸ்திரிப்பெட்டி பயன்படுத்த விடமாட்டார்கள், தீப்பிடிக்கும் என்பதால், எனவே கசங்காத துணியாக எடுங்கள். பருத்தி குறைவாக, சீக்கிரம் காய்கிற துணி அதிகமாக. நம் போன் சார்ஜரின் இரண்டு முள் பிளக் அங்கே பொருந்தும், மூன்று முள் பொருந்தாது. தேங்காய் எண்ணெய் கொண்டுபோனால் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும், உதடு வெடிப்புக்கும் கைக்கும் வாசலின் நல்லது. ஊர் சுற்றிக்காட்டும்போது காதில் மாட்ட ஒரு கருவி கொடுப்பார்கள், அதில் செருகுகிற ஒயர் வைத்த இயர்போன் உங்களுடையது இருந்தால் வசதி. புடாபெஸ்ட்டில் வெந்நீர்க் குளியல் ஆசை இருந்தால் நீச்சல் உடையும் ரப்பர் செருப்பும், இந்த ஒன்றுக்கு மட்டும் செருப்பு. சைவம் என்றால் புக்கிங்கிலேயே எழுதுங்கள், முட்டை சாப்பிடுவீர்களா இல்லையா என்பதையும் சேர்த்து. ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் ஞாயிற்றுக்கிழமை கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். ஹங்கேரியில் மட்டும் யூரோ இல்லை, ஃபோரிண்ட்.

விசா. ஜெர்மனி, ஆஸ்திரியா, ஸ்லோவாக்கியா, ஹங்கேரி நான்குக்கும் ஒரே ஷெங்கன் விசா. எந்த நாட்டில் அதிக நாள் இருக்கிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும், உங்கள் பாதையில் அது அநேகமாக ஆஸ்திரியா, கம்பெனி கொடுக்கிற அட்டவணையை வைத்து எண்ணிப் பாருங்கள். ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கட்டணம் 90 யூரோ, குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். கடைசி மாதம் வரை தள்ளாதீர்கள்.

கேபின் எடுக்கும்போது கீழ்த்தளம் விலை குறைவு, ஆனால் ஜன்னல் சின்னதாக, மேலே உயரத்தில் இருக்கும். லிஃப்ட் அந்தத் தளத்துக்கு இறங்குமா என்றும் கேளுங்கள், எல்லாக் கப்பலிலும் இறங்காது. நடுத்தளத்தில் எடுங்கள். பால்கனிக்கென்று ரொம்பச் செலவழிக்க வேண்டாம், கரையில் கப்பல்களை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டுவார்கள், திரையை விலக்கினால் அடுத்த கப்பலின் கேபின்தான் தெரியும்.

பணத்தை மிச்சம் பிடித்து, மேல்தளத்தில் உட்காருங்கள். மெல்க்கிலிருந்து கிரெம்ஸ் வரை வாஹாவ் பள்ளத்தாக்கு சுமார் 36 கிலோமீட்டர்தான். அங்கே உட்கார்ந்தபடியே இருப்பதால்தான் நடக்கும்போது தெரியாத குளிரெல்லாம் தெரியும். கம்பளிப் போர்வை இருக்கிறதா என்று ஊழியர்களிடம் கேளுங்கள், பல கப்பல்களில் கொடுப்பார்கள். அப்புறம் புடாபெஸ்ட்டில் இரவில் பாராளுமன்றக் கட்டடத்துக்கு விளக்கு போட்டிருக்கும்போது கப்பல் அதன் முன்னால் மெதுவாகப் போகும். எத்தனை மணிக்கு என்று முன்னாடியே கேட்டு வைத்துக்கொண்டு, மூன்று அடுக்கையும் போட்டு, தொப்பி கையுறையோடு அரை மணி நேரம் முன்னாலேயே மேலே போய் இடம் பிடியுங்கள் அம்மா, ஐயாவையும் கூட்டிக்கொண்டு.