ரத்தம் சொல்வதும் சொல்லாததும்

வணக்கம். பெங்களூருவின் அல்சூரிலும் ஸ்ரீராம்புரத்திலும் இந்த நேரத்தில் வானொலி கேட்டுக்கொண்டிருக்கும் பெரியவர்களுக்கும், அவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்களுக்கும் இந்த உரை.

சுகர் உள்ளவர்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆனால் 70 வயதைத் தாண்டியவர் ‘மனசு சரியில்லை’ என்று வாய்விட்டுச் சொல்வது அரிது. ‘உடம்புக்கு முடியல, வாய்க்கு எதுவும் பிடிக்கல, மூணு மணிக்கே முழிப்பு வந்துடுது’ என்பார். உடனே வீட்டில், ‘சுகர் ஏறியிருக்கும், பிளட் டெஸ்ட் எடுத்துடலாம்’ என்பார்கள்.

தாராளமாக எடுங்கள். ஆனால் மனச்சோர்வு இருக்கிறதா என்று சொல்லும் ரத்தப் பரிசோதனை எதுவும் இன்று மருத்துவத்தில் இல்லை. உடலில் அழற்சி இருந்தால் கல்லீரல் சுரக்கும் சி.ஆர்.பி. என்ற புரதம், மனச்சோர்வு உள்ளவர்களிடம் சராசரியாகக் கொஞ்சம் கூடுதலாக இருக்கிறது. அதையே தொப்பையும், ஈறு வீக்கமும், சாதாரண சளிக்காய்ச்சலும்கூட ஏற்றிவிடும். 10ஐத் தாண்டினால் முதலில் தேட வேண்டியது கிருமித்தொற்றை. மனநிலையை அறிய இதற்குக் காசு செலவழிக்காதீர்கள்.

காசு கொடுத்துப் பார்க்க வேண்டியது வைட்டமின் பி12. மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரையைப் பல வருடம் சாப்பிட்டால், குடல் பி12ஐ உறிஞ்சுவது குறைகிறது. சைவம் சாப்பிடுபவருக்குப் பால், தயிர் தவிர அது வர வழியும் கிடையாது. குறைந்தால் சோர்வு, மறதி, எரிச்சல், பாதத்தில் மரத்துப்போதல் எல்லாம் வரும். அந்த மரத்துப்போதலைச் ‘சுகர் நரம்பு’ என்றும், மறதியை ‘வயசாயிடுச்சு’ என்றும் தள்ளிவிடுகிறோம். ரிப்போர்ட்டில் 200க்குக் கீழே இருந்தால் குறைபாடு. 200க்கும் 300க்கும் நடுவே இருந்தால் சந்தேகம். ஒன்றைக் கவனியுங்கள்: சத்து ஊசியோ பி காம்ப்ளெக்ஸ் மாத்திரையோ எடுத்துக்கொண்டிருந்தால் எண் நன்றாகவே வரும், குறை வெளியே தெரியாது. ரத்தம் கொடுப்பதற்கு முன்பே அதை டாக்டரிடம் சொல்லுங்கள்.

கூடவே தைராய்டுக்கு டி.எஸ்.எச்., ரத்தசோகைக்கு ஹீமோகுளோபின். இரும்புச்சத்துக் குறைந்தவருக்கு மூன்று மாதச் சுகர் எண் (எச்.பி.ஏ.1.சி.) உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும்.

அந்த எண் ரொம்பக் குறைவாக இருந்தாலும் சந்தோஷப்பட வேண்டாம். 75 வயதில், கிளிமிபிரைடு என்ற சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவருக்கு 6.2 என்று வந்தால், இரவில் சுகர் இறங்குகிறதா என்று பாருங்கள். காலையில் நனைந்த தலையணை, காரணமில்லாத எரிச்சல், படபடப்பு, இவை மனக்கவலை போலவே இருக்கும். அதிகாலை முழிப்பு வரும்போது குளுக்கோமீட்டரில் ஒரு சொட்டு பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் சோர்வு போகவில்லையா? கேள்விதான் பரிசோதனை. ‘கடந்த இரண்டு வாரமாக, முன்பு பிடித்ததில்கூட ஆர்வம் இல்லாமல் இருக்கிறதா? மனசு பாரமாக இருக்கிறதா?’ டிவியை அணைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். பாதிக்கு மேற்பட்ட நாட்கள் அப்படித்தான் என்றால் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். பி12 குறைவாக வந்திருந்தாலும் இந்தக் கேள்வியைக் கேட்காமல் விடாதீர்கள். இரண்டும் ஒருவருக்கே இருக்கலாம்.

மனச்சோர்வு மாத்திரை தொடங்கினால் சோடியத்தை மறக்காதீர்கள். வயதானவர்களுக்குச் சில மாத்திரைகள் சோடியத்தை 135க்குக் கீழே இறக்கிவிடும். பி.பி.க்கு நீர் மாத்திரையும் சாப்பிட்டால் ஆபத்து இன்னும் கூடும். தொடங்குமுன் ஒருமுறை, இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் இன்னொருமுறை பாருங்கள். தள்ளாட்டமோ குழப்பமோ வந்தால் அந்த நாள்வரை காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே பாருங்கள்.

‘இருந்து என்ன பிரயோஜனம்’ என்று அவர் சொன்னால், ரிப்போர்ட் வரட்டும் என்று பொறுக்காதீர்கள். அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப் போங்கள், அதுவரை தனியாக விடாதீர்கள். 14416 என்ற டெலி மானஸ், அதாவது அரசின் மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரத்திலும் கட்டணமின்றிப் பேசலாம். தமிழிலேயே பேசலாம்.