எடை கூட ஒரு மாத்திரையா?

நேயர்களுக்கு வணக்கம்.

மனநல மருத்துவரிடம் வருபவர்கள் மனக்கவலையைப் பற்றித்தான் பேசுவார்கள் என்று நினைப்பீர்கள். என்னிடம் அவ்வப்போது வேறொரு கேள்வியும் வரும். "டாக்டர், மனச்சோர்வு மாத்திரை சாப்பிட்டால் உடம்பு போடுமாமே, எனக்கு எழுதித் தருவீர்களா?" கேட்பவர் ஒல்லியாக இருப்பார். காற்றடித்தால் பறந்துவிடுவாய் என்ற கேலியைக் கேட்டுக் கேட்டு அலுத்திருப்பார். குண்டானவரைக் கேலி செய்வது தவறென்று நமக்கு இப்போதுதான் கொஞ்சம் உறைக்கிறது. ஒல்லியானவரைக் கேலி செய்வதை மட்டும் இன்னும் அக்கறைக் கணக்கில் எழுதிக்கொள்கிறோம்.

அவர் கேள்விப்பட்டது முழுப் பொய் இல்லை. சிக்கலே அங்கேதான் இருக்கிறது. மனச்சோர்வு மருந்துகளின் கதையே பசியோடுதான் தொடங்கியது. 1952இல் நியூயார்க்கின் சீ வியூ மருத்துவமனையில் காசநோயாளிகளுக்கு இப்ரோனியாசிட் என்ற புதிய மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். படுத்த படுக்கையாக இருந்தவர்கள் எழுந்து உற்சாகமாக நடமாடினார்கள், நன்றாகச் சாப்பிட்டார்கள், எடையும் கூடினார்கள். பிறகு அதுவே மனச்சோர்வுக்கான மருந்தாயிற்று. சில ஆண்டுகளில் கல்லீரலைக் கெடுக்கிறது என்று தெரிந்து பல நாடுகளில் விற்பனையிலிருந்து எடுத்தும்விட்டார்கள்.

இன்று எடைக்காகப் பலர் தேடுவது மிர்டசபின் என்ற மனச்சோர்வு மருந்து. அமிட்ரிப்டிலின் போன்ற பழைய மருந்துகளும் இந்த வரிசையில் உண்டு. மிர்டசபின் என்ன செய்கிறது? மூளையில் ஹிஸ்டமின் என்று ஒரு பொருள் இருக்கிறது. நம்மை விழிப்பாக வைத்திருப்பதும், பசியைக் கட்டுக்குள் வைப்பதும் அதன் வேலைகளில் சில. மிர்டசபின் அந்த வேலையைத் தடுத்துவிடுகிறது. 'போதும், வயிறு நிறைந்தது' என்று சொல்லும் செரட்டோனின் என்ற இன்னொரு மூளைப் பொருளின் வழிகளில் ஒன்றையும் கூடவே அடைக்கிறது. அதனால் பசிக்கிறது, குறிப்பாக இனிப்பிலும் மாவுப் பண்டங்களிலும் கை போகிறது. கூடவே தூக்கமும் வருகிறது. ஹிஸ்டமினைத் தடுப்பதற்கு இரண்டிலும் பங்கு உண்டு என்பதால், பசியை மட்டும் வைத்துக்கொண்டு தூக்கத்தை வேண்டாமென்று சொல்ல முடியாது.

இங்கே ஒரு கணக்கைப் பாருங்கள். மிர்டசபினுக்காக அமெரிக்காவில் மனச்சோர்வு நோயாளிகளிடம் நடந்த ஆய்வுகளில், உடல் எடையில் 7 சதவீதமோ அதற்கு மேலோ கூடியவர்கள் நூற்றுக்கு 7.5 பேர். 50 கிலோ உள்ளவருக்கு 7 சதவீதம் என்றால் மூன்றரைக் கிலோ. பசி கூடியதாகச் சொன்னவர்கள் நூற்றுக்கு 17 பேர். தூக்கக் கலக்கம் வந்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? 54 பேர். எடைக்காக இதை விழுங்குபவர் எடையை விடத் தூக்கத்தைத்தான் நிச்சயமாக வாங்கிக்கொள்கிறார். மறுநாள் காலை வண்டி ஓட்டும்போதும் அந்தக் கலக்கம் இருக்கலாம். மது சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசம்.

கூடுகிற எடையும் நினைத்த இடத்தில் கூடாது. தோளும் கையும் திரள வேண்டும் என்பது அவர் கனவு. பயிற்சி இல்லாமல் வெறும் பசியால் ஏறும் எடை பெரும்பாலும் கொழுப்பு, அதிலும் இடுப்பைச் சுற்றி. சிலருக்கு ரத்தத்தில் கொலஸ்ட்ராலும் உயர்கிறது.

இன்னொன்று. நண்பர் கொடுத்தார் என்று ஏதோ ஒரு மாத்திரை அட்டையை வாங்கிச் சாப்பிடுபவர்கள் உண்டு. மனச்சோர்வு மருந்துகள் எல்லாமே எடையைக் கூட்டும் என்பது தவறு. புப்ரோபியான் எடையைக் குறைக்கும் பக்கம் சாய்வது. ஃப்ளூவாக்ஸெடின் தொடக்கத்தில் பசியையே மந்தமாக்கலாம்.

சரி, இதெல்லாம் ஏமாற்றம்தானே தவிர ஆபத்து இல்லையே என்று தோன்றலாம். ஆபத்துக்கு வருகிறேன். 2004இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இந்த மருந்துகளின் மேல் கறுப்புக் கட்டம் போட்ட எச்சரிக்கையை அச்சிடச் சொன்னது. சிறுவர்களிடமும் வளரிளம் பருவத்தினரிடமும் தற்கொலை எண்ணம் கூடக்கூடும் என்பதே அது. 2007இல் அந்த வரம்பை 24 வயது வரை நீட்டினார்கள். உடம்பு போட வேண்டும் என்று தவிப்பவர்களில் பலர் அந்த வயதுக்காரர்கள்தான். மருத்துவர் எழுதிக்கொடுத்தால் முதல் சில வாரங்கள் கவனித்துக்கொண்டே இருப்பார். தானாக வாங்கிச் சாப்பிடுபவரை யார் கவனிப்பது? வீட்டில் இருப்பவர்களுக்கு விஷயமே தெரிந்திருக்காது.

மனச்சோர்வும் அளவுமீறிய உற்சாகமும் மாறி மாறி வரும் இருமுனை மனநோய் வெளியே தெரியாமல் உள்ளே இருப்பவர்களும் உண்டு. அவர்கள் இந்த மருந்தை மட்டும் சாப்பிட்டால், உறக்கமே இல்லாத, கட்டுக்கடங்காத பித்துநிலைக்குப் போய்விடலாம். டிரமடால் போன்ற வலி மாத்திரையோடு சேர்ந்தால் உடலில் செரட்டோனின் அளவுமீறி, நடுக்கம், காய்ச்சல், குழப்பம் என்று உயிருக்கே வினையாகலாம். அமிட்ரிப்டிலின் வகையோ அளவு மீறினால் இதயத் துடிப்பைக் குலைத்துவிடும். பசி வரவில்லையே என்று இன்னும் ரெண்டு மாத்திரை போட்டுக்கொள்வோம் என நினைப்பவருக்கு இதைவிட மோசமான மருந்து இல்லை. குழந்தைகள் இருக்கும் வீட்டில் அதை எட்டாத இடத்தில் பூட்டி வைக்க வேண்டும்.

கேட்டு வந்தவரை நான் வெறும் "முடியாது" சொல்லி அனுப்புவதில்லை. எப்போதிலிருந்து ஒல்லி என்று கேட்பேன். சிறு வயது முதலே ஒல்லி, பெற்றோரும் ஒல்லி, சுறுசுறுப்பாக இருக்கிறார் என்றால் அது உடல்வாகு. ஆறு மாதத்தில் உடை தொளதொளவென்று ஆகிவிட்டது என்றால் கதை வேறு. தைராய்டு மிகுதி, சர்க்கரை நோய், காசநோய், குடல் கோளாறு, புற்றுநோய், எல்லாமே முதலில் எடை இழப்பாக முகம் காட்டலாம். அந்த நேரத்தில் பசி மாத்திரை சாப்பிட்டு எடை கொஞ்சம் ஏறிவிட்டால், பரிசோதனை தள்ளிப்போகும்.

அப்புறம் தூக்கத்தைப் பற்றிக் கேட்பேன். ஒருமுறை எடை மாத்திரை கேட்டு வந்த ஓர் இளைஞர் இந்தக் கேள்விக்கு நெடுநேரம் பதில் சொல்லவில்லை. பிறகுதான், மாதக்கணக்கில் விடிகாலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுவதையும், சாப்பாடு பிடிக்காமல் போனதையும் சொன்னார். அவருக்கு இருந்தது மனச்சோர்வு. அவர் கேட்ட மிர்டசபினையே எழுதிக்கொடுத்தேன், ஆனால் எடைக்காக அல்ல.

இதைக் கேட்பவர்களில் யாராவது ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம். பயந்துபோய் இன்றே நிறுத்திவிடாதீர்கள். சட்டென்று நிறுத்தினால் தலைச்சுற்றல், உறக்கமின்மை, எரிச்சல், சிலருக்குத் தலைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு வரும். அளவைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும், அதை மருத்துவர் திட்டமிட்டுச் சொல்வார். ஆனால் தற்கொலை எண்ணம் வந்தாலோ, மேலே சொன்ன நடுக்கமும் குழப்பமும் தெரிந்தாலோ, மிர்டசபின் சாப்பிடும்போது காய்ச்சலும் தொண்டை வலியும் சேர்ந்து வந்தாலோ காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். போகும்போது மாத்திரை அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள். யார் கொடுத்தார் என்று சொல்லக் கூச்சமாக இருந்தால் சொல்ல வேண்டாம், அட்டையை மட்டும் மேசையில் வையுங்கள்.

வணக்கம்.