ஒரு சொட்டு ரத்தத்தில் கேன்சர் தெரியுமா?

வணக்கமுங்க. இதோ, இந்தக் கையில் இருப்பது சர்க்கரை பார்க்கும் மெஷின். அந்தக் கையில் இருப்பதும் பார்க்க அதே மாதிரிதான், ஆனால் அது தேடுவது பிஎஸ்ஏ என்கிற புரதத்தை. ஆண்களுக்கு இருக்கும் புராஸ்டேட் சுரப்பி அதைச் சுரக்கிறது, அங்கே புற்றுநோய் வந்தால் ரத்தத்தில் அதன் அளவு ஏறலாம்.

[திரையில்: சர்க்கரை மூட்டை]

இரண்டும் ஒரே வேலை என்று நினைத்துவிடாதீர்கள். வெறும் வயிற்றில் ஒரு மில்லி ரத்தத்தில் சுமார் 1 மில்லிகிராம் சர்க்கரை இருக்கும். அதே ஒரு மில்லியில் பிஎஸ்ஏ 4 நானோகிராமைத் தாண்டினாலே டாக்டர் யோசிப்பார்; ஒரு மில்லிகிராமைப் பத்து லட்சம் பங்கு போட்டால் அதில் ஒரு பங்குதான் நானோகிராம். அதாவது இரண்டரை லட்சத்தில் ஒரு பங்கு, 50 கிலோ சர்க்கரை மூட்டைக்குள் 0.2 கிராம் ஈரோட்டு மஞ்சள்தூளைத் தேடுவது மாதிரி.

[திரையில்: பட்டையில் ஊறும் ரத்தம்]

சரி, எப்படிப் பிடிக்கிறது? பட்டையில் ரத்தம் ஊறிப்போகும் வழியில், தங்கத் துகள் ஒட்டிய ஆன்டிபாடி, அதாவது பிஎஸ்ஏவை மட்டும் தேடிப் பிடிக்கும் மூலக்கூறு, காத்திருக்கும். அது பிஎஸ்ஏவைக் கவ்விக்கொண்டு நகரும்போது, சற்றுத் தள்ளி இன்னொரு ஆன்டிபாடி அதே புரதத்தை மறுபக்கம் பிடித்து நிறுத்திவிடும். துகள்கள் சேரச் சேர அங்கே கோடு சிவக்கும். தங்கம் அத்தனை பொடியானால் மஞ்சளாக இருக்காது, சிவப்பாகத்தான் தெரியும், எனக்கு இதில் ரொம்பப் பிடித்த விஷயமே இதுதான். எவ்வளவு சிவப்பு என்று அளந்து மெஷின் எண்ணாகக் காட்டும். கர்ப்பம் பார்க்கும் கார்டும் இதே வழிதான். ஆன்டிபாடிக்கு வெயில் ஆகாது, சித்திரையில் பட்டையை வண்டிப் பெட்டியில் போட்டு வைக்காதீர்கள்.

எங்க அப்புச்சிக்கு ஒரு முகாமில் விரலில் குத்திப் பார்த்து, 7 என்று சீட்டில் எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஒரு வார்த்தை விளக்கம் இல்லை. மனுஷன் மூன்று வாரம் தூங்கவில்லை, தோட்டத்துப் பக்கமே போகவில்லை. கோயமுத்தூருக்குக் கூட்டிப்போய் ஸ்கேன், அப்புறம் சதை எடுத்துச் சோதனை என்று எல்லாம் பார்த்தால், புற்றுநோயே இல்லை, வயதானால் வருகிற சுரப்பி வீக்கம். அதற்கும் பிஎஸ்ஏ ஏறும், கிருமித் தொற்றுக்கும் ஏறும். அந்த மூன்று வாரத்தை நினைத்தால் இன்னும் எனக்கு ஆறவில்லை.

இந்த மெஷின் நிஜமாக உதவப்போவது, ஏற்கெனவே புராஸ்டேட் புற்றுநோய்க்கு சிகிச்சை எடுத்தவர்களுக்கு என்பது என் எண்ணம். சுரப்பியையே எடுத்துவிட்டால் பிஎஸ்ஏ கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு வர வேண்டும், மறுபடி ஏறினால் உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும். தாளவாடியில் இருக்கும் ஒருவர் அதற்காக ஒவ்வொரு முறையும் திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவையும் இறங்கி வராமல், அத்தனை குறைந்த அளவையும் பிடிக்கும் மெஷின் உள்ளூரிலேயே இருந்தால் எவ்வளவு நிம்மதி! ஆனால் ஒவ்வொரு தடவையும் ஒரே மெஷினில் பார்க்கச் சொல்லுங்கள், மெஷின் மாறினால் எண்ணும் மாறும்.