கூப்பிட்டுவிட்டுப் பேசாமல் இருப்பது

நேயர்களுக்கு வணக்கம். வான்கோழி என்றதும் நமக்கு மயிலைப் பார்த்து ஆடிய கதையும் கிறிஸ்துமஸ் விருந்தும்தான் நினைவுக்கு வரும். வேலை நிமித்தம் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் சில வருடங்கள் இருந்தபோதுதான் காட்டு வான்கோழியைப் பார்த்தேன். பார்த்ததைவிடக் கேட்டதுதான் அதிகம்.

ஏப்ரல் மாதம் அங்கே வேட்டைக் காலம். துரத்திப் போகிற வேட்டை இல்லை. மரத்தில் சாய்ந்து உட்கார்ந்து, பெட்டையைப் போலக் குரல் கொடுத்துச் சேவலை வரவழைக்க வேண்டும். இதில் ஒரு வம்பு இருக்கிறது. வான்கோழி வழக்கப்படி சேவல் நின்ற இடத்தில் நின்று கத்தும். பெட்டைதான் தேடிப் போகும். நாமோ சேவலை நடந்து வரச் சொல்கிறோம். அதன் பிறவிப் பழக்கத்துக்கே எதிரான அழைப்பு! இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

குரல் கொடுக்கப் பல கருவிகள் உண்டு. சிலேட்டில் குச்சியை அழுத்தினால் பல் கூசுமே, அந்த ஓசையையே பழக்கி எடுத்த கருவி ஒன்று. இன்னொன்று சாக்பீஸ் தடவிய மூடியை விளிம்பில் உரசும் மரப்பெட்டி. பக்கத்து ஆர்கன்சாவில் ஹென்றி கிப்சன் என்பவர் 1897-இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். பெட்டி வேறு, பெட்டை வேறு, குழம்பிவிடாதீர்கள்.

என்னை அழைத்துப் போனவர் ஒரு வயதான விவசாயி. துப்பாக்கி அவரிடம், பெட்டி என்னிடம். விடியுமுன் அவர் ஆந்தையைப் போல ஒரு குரல் கொடுத்தார். அந்தச் சத்தத்துக்கு, மரத்தில் அடைந்திருந்த சேவல் தன்னையறியாமல் கடகடவென்று கத்தி, இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுத்தது. சேவல் மரத்திலிருந்து இறங்கியதும் நான் பெட்டியை உரசினேன். பதில் வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. உரசினேன், உரசினேன், உரசிக்கொண்டே இருந்தேன். ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்ன சேவல், நூறு கஜம் தள்ளித் தோகையை விரித்துக்கொண்டு நின்றேவிட்டது. பின்னே? இவ்வளவு தவிக்கிறவள் தானே வரட்டும் என்றுதானே நினைக்கும்?

பெரியவர் ஒன்றும் பேசாமல் பெட்டியை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார். இருபது நிமிடம் மூச்சுச் சத்தம்கூட இல்லை. அப்புறம் விரலால் சருகை இரண்டு தரம் கிளறினார், நிறுத்தினார், ஒரு தரம் கிளறினார். கோழி குப்பையைச் சீய்க்குமே, அதே தாளம். அழைப்பே இல்லை பாருங்கள்! பெட்டைக்குத் தன்மேல் அக்கறை போய்விட்டது என்று சேவலுக்குத் தோன்ற வேண்டும். அவ்வளவுதான் வித்தை.

சேவல் வந்தது. கத்தாமல், பக்கவாட்டில் வந்தது. எனக்கோ மூக்கு அரித்தது. கை பாதி தூரம்தான் போயிருக்கும். தலையின் இரு பக்கமும் கண் உள்ள பறவை, கொஞ்சம் கழுத்தைத் திருப்பினால் நாலாபுறமும் தெரியும். போயே போய்விட்டது. திரும்பும் வழியெல்லாம் பெரியவர் என்னோடு பேசவில்லை.

ஒலிப்பதிவாளர் கையைக் காட்டுகிறார். அழிவின் விளிம்புக்குப் போன பறவையை வலைவீசிப் பிடித்து, வேறு காடுகளில் விட்டுப் பெருக்கி, மிசூரியில் 1960-இல் வேட்டையை மறுபடி திறந்த கதைக்கு நேரமில்லை. ஒன்று மட்டும் அவசரமாக: அந்தக் காட்டுக்குப் போனால் சிவப்பு, வெள்ளை, நீலம் உடுத்தாதீர்கள். சேவலின் தலையும் அதே மூன்று நிறம். உங்கள் பெட்டைக் குரலைக் கேட்டு இன்னொரு வேட்டைக்காரரும் வரக்கூடும். வணக்கம்.