அக்கியும் மறதியும்

அனைவருக்கும் வணக்கம்.

இந்த அரங்கில் அக்கி வந்தவர்கள் இருந்தால் கொஞ்சம் கை தூக்குங்கள். நாலு, ஐந்து... ஏழு பேர். அதில் வேளார் வீட்டுக்குப் போய் அக்கி எழுதிக்கொண்டவர்கள்? மூன்று பேர். என் அப்பாவுக்கும் எழுதினார்கள். திண்ணையில் உட்காரவைத்து, காவி மண்ணைக் குழைத்து, இடுப்பைச் சுற்றிக் கிடந்த கொப்புளங்கள் மேல் பெரியவர் பூசிக்கொண்டிருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. பத்து நாளில் எரிச்சல் அடங்கியது. காவி அடக்கியதா, தானாக அடங்கியதா என்ற வழக்கை இன்றைக்கு எடுக்கப் போவதில்லை.

டிமென்ஷியா என்கிற மறதி நோயைப் பற்றிப் பேசக் கூப்பிட்டால் இவர் அக்கியில் ஆரம்பிக்கிறாரே என்று செயலாளர் என்னைப் பார்க்கிறார். காரணத்தோடுதான் ஆரம்பிக்கிறேன்.

அக்கி வெளியிலிருந்து புதிதாக வருவதில்லை. சின்ன வயதில் நமக்குச் சின்னம்மை போட்டதே, அதே கிருமிதான். மூன்றாம் தண்ணீர் ஊற்றியதும் அம்மை இறங்கிவிட்டது என்று வேப்பிலையை எடுத்துப் போட்டுவிட்டோம். கிருமி எங்கும் போகவில்லை. முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் ஐம்பது, அறுபது வருஷம் சத்தமில்லாமல் கிடக்கிறது. வயதாகி உடம்பின் காவல் தளரும்போது நரம்பு வழியாகத் தோலுக்கு வருகிறது. அதைத் தடுக்க ஊசி உண்டு. அந்த ஊசி வைத்துத்தான் வேல்ஸ் நாட்டில் ஒரு விசித்திரம் நடந்தது.

2013 செப்டம்பர் 1ஆம் தேதி அங்கே முதியவர்களுக்கு அக்கி ஊசி போடத் தொடங்கினார்கள். கையிருப்பு குறைவு என்பதால் ஒரு கோடு கிழித்தார்கள். 1933 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு ஊசி உண்டு. அதற்கு முன் பிறந்தவர்களுக்கு எப்போதுமே கிடையாது. ஒரு வாரம் முந்திப் பிறந்த பாட்டிக்கு இல்லை, ஒரு வாரம் பிந்திப் பிறந்த பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு உண்டு. நம்மூர் ரேஷன் கடையில் இப்படிச் செய்திருந்தால் சாலை மறியல் நடந்திருக்கும்!

அநியாயமான கோடுதான். ஆனால் ஆராய்ச்சிக்காரர்களுக்கு அது லட்டு. ஏனென்றால், சாதாரணமாக ஊசி போட்டுக்கொண்டவரையும் போடாதவரையும் ஒப்பிட முடியாது. போட்டுக்கொள்கிறவர் பெரும்பாலும் உடம்பைப் பேணுகிறவர். நடைப்பயிற்சி போவார், சர்க்கரையைப் பார்த்துக்கொள்வார். அவருக்கு மறதி குறைவாக வந்தால் அது ஊசியாலா, நடையாலா? வேல்ஸில் அந்தக் குழப்பம் இல்லை. ஒரு வார வித்தியாசத்தில் பிறந்த இரண்டு கூட்டத்துக்கும் சாப்பாடு, படிப்பு, பழக்கம் எல்லாம் ஒன்றுதான். வேறுபாடு ஊசி மட்டும்.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பாஸ்கல் கெல்ட்செட்சரும் கூட்டாளிகளும் ஏறத்தாழ 2,80,000 பேரின் மருத்துவப் பதிவுகளைப் புரட்டி, 2025 ஏப்ரலில் நேச்சர் இதழில் முடிவை வெளியிட்டார்கள். ஏழு ஆண்டுகளில், ஊசி போட்டவர்களிடம் மறதி நோய் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. பெண்களிடம் பலன் கூடுதல். அக்கிக்குப் போட்ட ஊசி ஞாபகத்தை எப்படிக் காத்தது? கிருமி அடிக்கடி தலைதூக்காமல் தடுத்ததாலா, அல்லது எதிர்ப்பு மண்டலத்தையே கொஞ்சம் தட்டி எழுப்பியதாலா? இரண்டுக்கும் ஆதரவாகப் பேச ஆள் இருக்கிறது; தீர்ப்பு வரவில்லை. எப்படிப் பார்த்தாலும் வழி நோய் எதிர்ப்பு மண்டலத்தின் வாசலில்தான் போய் நிற்கிறது.

நான் படித்த காலத்தில், மூளைக்கும் உடம்பின் எதிர்ப்பு மண்டலத்துக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது என்று சொல்லிக்கொடுத்தார்கள். மூளை கோட்டைக்குள் இருக்கிறது, படை வெளியே நிற்கிறது என்று. மூளையைப் போர்த்தியிருக்கும் உறையில், எதிர்ப்பு மண்டலத்தின் பாதைகளான நிணநீர்க் குழாய்கள் ஓடுவதை 2015இல்தான் அமெரிக்காவிலும் பின்லாந்திலும் உறுதிசெய்தார்கள். இத்தாலியின் பாவ்லோ மஸ்காக்னி 1787லேயே அப்படிக் குழாய்களைப் படம் போட்டுக் காட்டியிருந்தார். ஒருவரும் சட்டை செய்யவில்லை.

வெளியே நிற்கும் படை ஒரு பக்கம் இருக்கட்டும். கோட்டைக்குள்ளேயே ஒரு காவல் இருக்கிறது. அதன் பெயர் மைக்ரோக்ளியா. 1919இல் ஸ்பெயினின் பியோ தெல் ரியோ ஹொர்தேகா, வெள்ளிச் சாயம் ஏற்றி இவற்றைத் தனிச் செல் இனமாகப் பிரித்துக் காட்டினார். மற்ற மூளைச் செல்களோடு இவை பிறப்பதில்லை. கரு உருவாகும் தொடக்க நாட்களில், கருவை ஒட்டிய மஞ்சட்கருப் பையில் தோன்றி மூளைக்குக் குடிவருகின்றன. வந்தபின் ஆயுள் முழுக்க அங்கேயே வாசம். சிலந்தி மாதிரிக் கால்களை நீட்டிச் சுற்றுவட்டாரத்தைத் தடவிக்கொண்டே இருக்கும். செத்த செல்லை விழுங்கும், குப்பையை அள்ளும், குழந்தை வளரும்போது வேண்டாத நரம்பிணைப்புகளைக் கவாத்து செய்யும்.

மறதி நோயில் பரவலான வகை அல்சைமர். அதில் மூளையில் படிகிற அமிலாய்டு புரதத்தை அள்ளுவதும் இவைதான். அள்ள முடியாமல் போனால் என்ன ஆகும்? டிரெம்2 என்று ஒரு மரபணு. மைக்ரோக்ளியா குப்பையை மோப்பம் பிடிக்க உதவுவது. அதில் ஒரு குறிப்பிட்ட எழுத்துப்பிழை இருந்தால் அல்சைமர் வரும் வாய்ப்பு சுமார் மூன்று மடங்காகிறது என்று 2012ஆம் ஆண்டுக் கடைசியில் இரண்டு குழுக்கள் தனித்தனியே அறிவித்தன. ஒன்று ஐஸ்லாந்துக் குழு. காவல் மந்தமானால் நோய் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

அப்படியென்றால் காவலை முடுக்கிவிட வேண்டியதுதானே? முடுக்கிப் பார்த்தார்கள். அமிலாய்டையே ஊசியாகப் போட்டு அதற்கு எதிராக உடம்பைத் தூண்டும் சோதனையை 2002இல் பாதியில் நிறுத்தினார்கள். ஊசி போட்டவர்களில் நூற்றுக்கு ஆறு பேருக்கு மூளை அழற்சி! சரி, அழற்சிதானே வில்லன், அதை அடக்குவோம் என்று மூட்டுவலி மாத்திரைகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2,500க்கும் மேற்பட்ட முதியவர்கள் பங்கேற்ற அமெரிக்கச் சோதனை அது. இதயத்துக்கு ஆபத்து வருமோ என்ற அச்சத்தில் 2004இல் மாத்திரையை நிறுத்தினார்கள். மூளைக்கும் பலன் தெரியவில்லை. எலிகளில் இன்னொன்றும் பார்த்தார்கள்: நோயின் ஆரம்பத்திலேயே, அமிலாய்டு கட்டிதட்டுவதற்கு முன்பே, மைக்ரோக்ளியா நல்ல நரம்பிணைப்புகளையும் சேர்த்து மேயத் தொடங்கிவிடுகிறது. குழந்தைப் பருவத்தில் கவாத்து செய்த அதே கத்தரிதான்.

இதனால்தான், ‘எதிர்ப்பு சக்தியைக் கூட்டுகிறது’ என்று பிஸ்கட் பாக்கெட்டில் போட்டிருப்பதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. கொரோனாவுக்குப் பிறகு எல்லாப் பொடிக்கும் அந்த வாசகம்தான். சக்தி என்ன, குழாயைத் திருகினால் கூடுகிற தண்ணீரா? எந்த இடத்தில், எந்த வயதில், எவ்வளவு நேரம் என்பதுதான் கேள்வி. இப்போது வந்திருக்கும் லெக்கனமாப் போன்ற எதிரணு (ஆன்டிபாடி) மருந்துகள் அமிலாய்டை நன்றாகவே அகற்றுகின்றன. பதினெட்டு மாதத்தில் அறிவாற்றலின் சரிவை லெக்கனமாப் 27 சதவீதம் மட்டுப்படுத்தியது. சரிவு நிற்கவில்லை, மெதுவானது. எட்டில் ஒருவருக்கு ஸ்கேனில் மூளை வீக்கமும் தெரிந்தது.

இனி வீட்டுக்கு வருவோம். என் பெரியம்மாவுக்கு அப்போது எழுபத்தெட்டு. ஒரு ராத்திரி, செத்துப் பதினைந்து வருஷமான பெரியப்பாவுக்கு இலை போடச் சொன்னார். மறுநாள் மகனையே ‘யாருப்பா நீ’ என்று கேட்டார். வயசாச்சு, புத்தி பேதலிச்சுப்போச்சு என்றார்கள் ஒரு பக்கம். மந்திரிக்கலாம் என்றார்கள் இன்னொரு பக்கம். காய்ச்சல் இல்லை. சோதித்தால் சிறுநீர்த் தொற்று. மருந்து ஆரம்பித்த ஐந்தாம் நாள் மகனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ‘ஏண்டா சவரம் பண்ணலை’ என்றார்.

தொற்று இருந்தது அடிவயிற்றில், கலங்கியது மூளை. ரத்தத்தில் பரவும் அழற்சிச் சமிக்ஞைகள் உள்ளே இருக்கும் மைக்ரோக்ளியாவையும் உசுப்பிவிடுகின்றன. இளம் மூளை தாங்கும். மூத்த மூளை குழம்பிவிடும். டெலிரியம் என்று பெயர். இது மறதி நோய் அல்ல. ஆனால் டெலிரியம் வந்துபோனவர்களுக்குப் பின்னாளில் மறதி நோய் வரும் வாய்ப்பு கூடுகிறது. பெரியம்மாவும் அதற்கப்புறம் பழைய பெரியம்மா இல்லை. தாயம் ஆடினால் கணக்குத் தப்பும். அதுவரை தப்பியதே கிடையாது.

இந்தியாவில் அறுபது தாண்டியவர்களில் ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருப்பதாக 2023இல் மதிப்பிட்டார்கள். அவர்களில் பலரை முதலில் கவனிக்கப் போவது நீங்கள்தான். ஆகவே ஒன்று கேட்கிறேன். வீட்டுப் பெரியவர் தடுமாறினால், அது எந்தக் கிழமை ஆரம்பித்தது என்று காலண்டரில் எழுதிவையுங்கள். ‘செவ்வாய்க்கிழமை வரை நன்றாக இருந்தார்’ என்றால் டாக்டர் தொற்றைத் தேடுவார். ‘ரெண்டு வருஷமாகவே கொஞ்சம் கொஞ்சமாக’ என்றால் வேறு பாதையில் போவார்.

அக்கி ஊசி பற்றி முன்வரிசையில் ஒரு அம்மா கை தூக்குகிறார். இங்கேயும் கிடைக்கிறதம்மா, ஐம்பது வயதுக்கு மேல் போடலாம், விலைதான் கடிக்கும். அக்கி வலியைத் தவிர்க்கப் போடுங்கள். ஞாபகத்துக்கென்று எந்த டாக்டரும் இன்னும் எழுதித் தருவதில்லை. மற்ற கேள்விகளைத் தேநீரோடு வைத்துக்கொள்வோம், சுண்டல் ஆறுகிறது.