சைடு வீலில் ‘கர்ர்’ சத்தம்: என் மூணு சக்கர வண்டிக்கு நானே பேரிங் மாற்றுகிறேன்

வணக்கம் மக்களே. பத்தமடையிலிருந்து பேசுகிறேன். பதினோரு மணிக்கு அம்மாவை அம்பாசமுத்திரத்தில் கண் டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும். அதற்குள் இந்த வேலை முடிந்தாக வேண்டும். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

முதலில் இதைக் கேளுங்கள். போனைச் சக்கரத்துப் பக்கம் கொண்டுபோகிறேன்... கேட்டதா? கையால் சுற்றும்போதே ‘கர்ர் கர்ர்’ என்று மணலை அரைக்கிற மாதிரி வருகிறது. நேற்று கரிசூழ்ந்தமங்கலத்தில் ஒரு வீட்டுக்குத் தைத்த துணியைக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போதுதான் கவனித்தேன். இடது பக்கத்துச் சைடு வீல்.

புதிதாகப் பார்க்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். எனக்குச் சின்ன வயதில் போலியோ வந்து இடது காலில் பலம் இல்லை. காலைத் தாங்கிப் பிடிக்கிற காலிபர் போட்டு, ஒரு ஊன்றுகட்டையோடு நடப்பேன். தையல்தான் தொழில். இந்த வண்டி 110 சி.சி. கியர் இல்லாத ஸ்கூட்டர். 2016-ல் சீட்டுப் பணம் எடுத்து வாங்கி, பின்னால் சைடு வீல் கிட் மாட்டினேன். ஊரில் எல்லோரும் மூணு சக்கர வண்டி என்றுதான் சொல்கிறோம். எண்ணிப் பார்த்தால் முன்னால் ஒன்று, பின்னால் மூன்று, ஆக நான்கு. நடுச் சக்கரம்தான் இன்ஜின் சுற்றுகிற சக்கரம். ஓரத்தில் இருக்கிற இரண்டும் வண்டி சாயாமல் தாங்குகிற சக்கரங்கள், தன் பாட்டில் உருளும்.

இந்த இரண்டைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச்சு. இன்ஜினுக்கு ஏதாவது என்றால் எந்த ஊரிலும் ஆள் இருக்கிறார்கள். சைடு வீல் என்று சொன்னவுடன் கையை விரித்துவிடுகிறார்கள். நான் வண்டி விடுகிற சர்வீஸ் சென்டரில் ஒருமுறை, “இது நம்ம கம்பெனி பார்ட்ஸ் இல்லைம்மா, நாங்கள் தொட மாட்டோம்” என்று சொல்லிவிட்டார்கள். கூடவே என் தம்பியைப் பார்த்து, “வெளியே காட்டுங்க சார்” என்றார்கள். வண்டி என்னுடையது, ஓட்டுகிறவள் நான், பதில் அவனுக்குப் போகிறது. அன்றைக்கு முடிவு செய்தேன், இந்த இரண்டு சக்கரத்தையும் நானே படித்துக்கொள்வது என்று.

சரி, வேலையைத் தொடங்கலாம். முன் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் செங்கல் வைத்துவிட்டேன். ஹேண்டிலில் பிரேக் லாக் போட்டிருக்கிறேன். ஜாக்கியால் தூக்கி, அடியில் மரக்கட்டை கொடுத்திருக்கிறேன். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்குப் பக்கத்தில் உட்காராதீர்கள். நம்மால் சட்டென்று எழுந்து நகர முடியாது.

கழற்றுவதற்கு முன்னால் ஒரு சோதனை. டயரை மேலே ஒரு கை, கீழே ஒரு கை பிடித்து உள்பக்கமும் வெளிப்பக்கமும் ஆட்டுங்கள். இப்படி... ‘டக் டக்’ என்று ஆடுகிறது பாருங்கள். இதைத்தான் பிளே என்று சொல்வார்கள். பேரிங் என்பது இரண்டு வளையத்துக்கு நடுவில் குண்டுகள் உருளுகிற பாகம், சக்கரம் சுற்றுவதே அதன் மேல்தான். அது நல்லதாக இருந்தால் சக்கரம் இப்படி அசையவே கூடாது. மாதம் ஒருமுறை இதைச் செய்து பார்த்தால் போதும், நடுரோட்டில் மாட்டிக்கொள்ள வேண்டியது இல்லை.

சைடு வீலில் பேரிங் ஏன் சீக்கிரம் போகிறது என்று லேத் பட்டறை அண்ணாச்சிதான் எனக்கு விளங்க வைத்தார். இரண்டு சக்கர வண்டி வளைவில் சாயும், அதனால் பாரம் சக்கரத்துக்கு நேராகவே இறங்கும். நம் வண்டி சாயாது. வளைவில் மொத்தப் பாரமும் சக்கரத்தைப் பக்கவாட்டில் தள்ளும். சக்கரம் கோர்த்திருக்கிற தண்டு, அதாவது இந்த ஆக்சிலுக்கோ ஒரு முனையில்தான் பிடிமானம், மறுமுனை அந்தரத்தில் நிற்கிறது. அத்தனை தள்ளலையும் உள்ளே இருக்கிற இரண்டு சின்ன பேரிங்தான் வாங்கிக்கொள்கிறது.

நட்டு தானாகக் கழலாமல் தடுக்கிற கம்பி, இந்த ஸ்ப்ளிட் பின்னை நேராக்கி உருவியாச்சு. நட்டைக் கழற்றுகிறேன். சக்கரம் வந்துவிட்டது. உள்ளே பாருங்கள், கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் செம்மண் குழைத்த மாதிரி இருக்கிறது. துரு.

ஆனால் இப்போது நான் தேடுவது பேரிங்கை இல்லை. இதைத் தேடுகிறேன். இந்தச் சின்னக் குழாய்த் துண்டு. இரண்டு பேரிங்குக்கும் நடுவில் உட்காரும். ஸ்பேசர் என்றும் சொல்வார்கள், காலர் என்றும் சொல்வார்கள். இது இல்லாமல் நட்டை இறுக்கினால் இரண்டு பேரிங்கின் உள் வளையமும் ஒன்றையொன்று நோக்கி நெருக்கப்படும், குண்டுகள் சிக்கிச் சூடாகும். ஒரு பட்டறையில் எனக்குப் பேரிங் மாற்றியபோது இதை மாட்ட மறந்து, பழைய துணியோடு சுருட்டிப் போட்டுவிட்டார்கள். இரண்டே மாதத்தில் புதுப் பேரிங் தூளாகிவிட்டது. அதனால் சக்கரத்தைப் பட்டறையில் கொடுத்தால், திரும்ப மாட்டும்போது கூடவே உட்கார்ந்து “காலர் போட்டாச்சா?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

பேரிங் எண்ணைச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். என் கிட்டில் 6202. கடைசி இரண்டு எண் 02 என்றால் துளை 15 மில்லிமீட்டர். 01 என்றால் 12, 03 என்றால் 17. வெளி விட்டம் 35, தடிமன் 11. உங்கள் கிட்டில் வேறாக இருக்கலாம், பழைய பேரிங்கின் ஓரத்தைத் துடைத்தால் எண் தெரியும். எண்ணுக்குப் பிறகு வருகிற எழுத்தையும் பாருங்கள். இசட் இசட் என்றால் இரண்டு பக்கமும் தகரத் தட்டு மூடி. 2ஆர்எஸ் என்றால் இரண்டு பக்கமும் ரப்பர் சீல். நம்ம ஊர் வாய்க்கால் ரோட்டுக்கும் வயல் சகதிக்கும் 2ஆர்எஸ்தான் வாங்க வேண்டும். தகரத் தட்டின் இடுக்கில் தண்ணீர் நுழைந்துவிடும்.

இதை நான் கற்றுக்கொண்டது 2023 டிசம்பரில். பதினேழாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் மீனாட்சிபுரத்தில் சித்தி வீட்டில் இருந்தேன். ராத்திரி முழுக்க மழை. விடிந்து பார்த்தால் தாமிரபரணி தெருவுக்குள் வந்துவிட்டது. நாங்கள் மாடிக்கு ஏறிவிட்டோம். வண்டியை ஏற்ற முடியுமா? சீட்டு வரைக்கும் தண்ணீர். மாடியிலிருந்து ஹேண்டில் மட்டும் தெரிந்தது, அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த வண்டி வந்த பிறகுதான் யாரையும் கேட்காமல் கடைக்கும் பஜாருக்கும் போய்வர ஆரம்பித்திருந்தேன்.

தண்ணீர் வடிந்ததும் ஸ்டார்ட் செய்து பார்க்கத்தான் கை போகும். செய்யாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டன் அதை அழுத்த முடியாமல் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். நான் வண்டியைத் தள்ளுவண்டியில் ஏற்றித்தான் கொண்டுபோனேன். மெக்கானிக் பிளக்கைக் கழற்றி, ஆயில் குச்சியை உருவிக் காட்டினார். ஆயில் மோர் மாதிரி வெளுத்திருந்தது. மூன்று முறை ஆயில் ஊற்றி வடித்தோம். பெல்ட் கவரைத் திறந்து காயவைத்தோம். பின் சக்கரத்துக் கியர் ஆயிலையும் மாற்றினோம், அது தனி, சின்ன பாட்டிலில் 120 மில்லி வரும். பிரேக் ஷூவைத் தேய்த்துச் சுத்தம் செய்தோம். வண்டி ஓடியது. ஆனால் சைடு வீலை யாரும் திறக்கவில்லை, நானும் கேட்கவில்லை. மார்ச் மாதம் சேரன்மகாதேவி ரோட்டில் வலது சக்கரம் இறுகிப் போய் அப்படியே நின்றுவிட்டது. பின்னால் லாரி வந்துகொண்டிருந்தது. டிரைவர் பிரேக் பிடித்ததால் இன்றைக்கு உங்களிடம் பேசிக்கொண்டிருக்கிறேன்.

சரி. பழைய பேரிங்கைத் தட்டி எடுத்துவிட்டேன். புதியதை உட்கார வைக்கும்போது சுத்தியலால் நடுவில் அடிக்கக் கூடாது. பழைய பேரிங்கையே மேலே வைத்து, வெளி வளையத்தில் மட்டும் அடி விழுகிற மாதிரி தட்டுகிறேன். ஒரே இடத்தில் அடிக்காமல் சுற்றிச் சுற்றி. சத்தம் மாறுகிறது பாருங்கள்... இதுவரை ‘டங்’, இப்போது ‘டப்’. உட்கார்ந்துவிட்டது. இப்போது காலர். அப்புறம் அடுத்த பேரிங்.

சக்கரம் கழன்றிருக்கும்போதே ஆக்சில் வெல்டிங்கையும் பார்த்துவிடுவோம். இது என் தையல் சாக்கட்டி. வெல்டிங் இருக்கிற இடத்தில் துளி டீசல் தடவி, ஐந்து நிமிடம் விட்டு, நன்றாகத் துடைத்துவிட வேண்டும். பிறகு சாக்கட்டியைச் சுரண்டி அந்தத் தூளைத் தூவுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே போன டீசல் கசிந்து, வெள்ளைத் தூளில் கறுத்த கோடு மாதிரி தெரியும். பழைய பட்டறை வித்தை இது. போன வருடம் வலது பக்கத்தில் ஒரு அங்குலக் கோட்டை இப்படித்தான் கண்டுபிடித்தேன். இன்றைக்குக் கோடு இல்லை, நல்லது.

இந்தச் சிவப்புக் கோடு நெயில் பாலிஷ். வண்டியின் பிரேமோடு கிட்டைப் பிடிக்கிற போல்ட்டு எல்லாவற்றிலும், நட்டையும் பட்டையையும் சேர்த்து ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். நட்டு கால் சுற்று லூசானாலும் கோடு உடைந்து தெரியும். ஸ்பேனர் எடுக்க வேண்டாம், குனிந்து பார்த்தால் போதும்.

அடுத்து, உயரம். கிட் மாட்டுகிறவர்கள் பலர் இதைச் சரியாக வைப்பதில்லை. சைடு வீல் இரண்டும் ரொம்ப இறங்கியிருந்தால் நடுச் சக்கரத்தில் பாரம் இருக்காது. இன்ஜின் சுற்றுவதோ நடுச் சக்கரத்தை. வாய்க்கால் பாலத்துப் பக்கம் நடுவில் பள்ளம், இரண்டு ஓரமும் மேடு என்று ஒரு இடம் இருக்கிறது. அங்கே போனால் சைடு வீல் மேட்டில் ஏறிக்கொள்ளும், நடுச் சக்கரம் அந்தரத்தில் சுற்றும், வண்டி நகராது. அதனால் நீங்கள் உட்கார்ந்து, எப்போதும் ஏற்றுகிற சாமானும் ஏற்றி, சமமான சிமெண்டுத் தரையில் நிறுத்தி உயரம் வைக்கச் சொல்லுங்கள். காலி வண்டியில் வைத்தால் கணக்குத் தப்பும். காற்று இரண்டு சைடு வீலிலும் ஒரே அளவு இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் வண்டி அந்தப் பக்கம் இழுக்கும்.

ரோடே இடது ஓரம் சரிந்துதான் இருக்கும். அதனால் இடது டயர் முதலில் தேயும், வலது தோள் முதலில் வலிக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு சக்கரத்தையும் பக்கம் மாற்றிப் போடுகிறேன்.

இனி, நான் சேர்த்துக்கொண்ட சில்லறை வேலைகள். ஊன்றுகட்டை வைக்கிற இடம், இந்த பி.வி.சி. குழாய். உள்ளே பழைய டியூப்பை வெட்டி ஒட்டியிருக்கிறேன், கடகடவென்று ஆடாது. சீட்டு நான் தைத்தது. முதுகு சாய ஒரு சின்னத் திண்டு, ரெக்சின் தையல் மழையில் நனையாத மாதிரி உள்பக்கம் மடிப்பு. மட்கார்டில் இந்த வலை அம்மாவின் சேலைக்காக. பின்னால் உட்காருகிறவர்களின் முந்தானை சைடு வீலுக்குள் போனால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இதை மாட்டாமல் யாரையும் ஏற்றாதீர்கள். மட்கார்டின் இரண்டு ஓரத்திலும் ஆரஞ்சு நிறச் சின்ன லைட்டு. ராத்திரி எதிரே வருகிறவருக்கு நடுவில் ஒரு ஹெட்லைட்தான் தெரியும். பைக் என்று நினைத்து ஒட்டியே வருவார், நம் அகலம் தெரியாது.

ரிவர்ஸ் கியர் என் கிட்டில் இல்லை. காலால் உந்திப் பின்னால் தள்ளவும் நம்மால் ஆகாது. அதனால் எங்கே போனாலும் வண்டியின் மூக்கு மேட்டைப் பார்த்து இருக்கிற மாதிரி நிறுத்துவேன். கிளம்பும்போது பிரேக்கை மெல்ல விட்டால் தானாகப் பின்னால் இறங்கும்.

ஆனி, ஆடியில் வள்ளியூர் தாண்டிப் பணகுடி, காவல்கிணறு பக்கம் போகிறவர்கள் கவனம். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று பக்கத்திலிருந்து வந்து அடிக்கும். பைக்காக இருந்தால் காற்றுக்கு எதிராகச் சாய்ந்து ஓட்டலாம். நம் வண்டி சாயாது, ஹேண்டிலால்தான் பிடித்து நிறுத்த வேண்டும். நான் 40-ஐத் தாண்ட மாட்டேன்.

ஒரு விஷயம் விட்டுப்போச்சு. கிட்டை மாட்டினாலும் மாற்றினாலும் வண்டியின் பதிவுச் சான்று, அதாவது ஆர்.சி.யில் பதிந்துவிடுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவில் வருகிறது. பதியாமல் விட்டால் இன்சூரன்ஸ் கேட்கும்போது சிக்கல். அந்தச் சட்டத்தில் நம் வண்டிக்கு முன்பு ‘இன்வாலிட் கேரேஜ்’, அதாவது இயலாதவர் வண்டி என்று ஒரு பெயர் இருந்தது. 2019 திருத்தத்தில் அதை எடுத்துவிட்டு ‘அடாப்டட் வெஹிக்கிள்’, அதாவது மாற்றியமைத்த வண்டி என்று வைத்தார்கள். எனக்கு அது பெரிய சந்தோஷம்.

சக்கரத்தை மாட்டியாச்சு. நட்டு, புது ஸ்ப்ளிட் பின். பழைய பின்னைத் திரும்பப் போடக் கூடாது, முறிந்துவிடும். போனைப் பக்கத்தில் வைத்துச் சுற்றுகிறேன். கேளுங்கள்...

ஒரு சத்தமும் இல்லை. சுற்றிக்கொண்டே இருக்கிறது பாருங்கள், நிற்கவே மாட்டேன் என்கிறது.

மணி பத்தரை. கை கழுவிவிட்டு வருகிறேன். அம்மா, கண்ணாடியும் டாக்டர் சீட்டும் எடுத்துக்கிட்டீங்களா? வாங்க, ஏறுங்க.